1999-இலேயே எடுத்துவிட்டார்கள் என்றால் பரம்பரைப் பிரபுக்கள் இன்னும் எப்படி மேலவையில் இருக்கிறார்கள்?

கிராய்டன்_அம்மா (2024 டிசம்பர்)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை எனக்கு லைஃப் இன் த யுகே தேர்வு, பிரிட்டிஷ் குடியுரிமைக்கு எழுதுகிறோமே, அது. 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாகப் போட்டால் பாஸ். வேலையும் சமையலும் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் கையேட்டை எடுக்க முடிகிறது. பன்னிரண்டு வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்குகிறான்.

நேற்று பாராளுமன்றம் பற்றிய பகுதி. பரம்பரைப் பிரபுக்கள் 1999-இல் பிரபுக்கள் சபைக்கு, அதாவது மேலவைக்கு, தானாகப் போகும் உரிமையை இழந்தார்கள், இப்போது தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். மகன் அங்கேயே நிறுத்திவிட்டான். "அப்பா பிரபு, அதனால பையனும் பிரபு. அவங்களுக்கு ஓட்டுப் போடுறதும் பிரபுக்களா? அப்போ நீங்க ஜூலையில போய் ஓட்டுப் போட்டீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டான். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இங்கே பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது, அன்றைக்கு அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அதனால் அவன் கேள்வி மனதில் தைத்துவிட்டது.

தேடிப் பார்த்தால் 92 பேர் என்று ஓர் எண் வருகிறது, அவர்களையும் எடுக்க இப்போது மசோதா வந்திருக்கிறது என்று வருகிறது. 1999-இலேயே எடுத்தாயிற்று என்றால் இந்த 92 யார் விட்டு வைத்தது? இருபத்தைந்து வருடம் ஏன் இழுத்தது? இவர்களும் போய்விட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? தேர்வுக்கு இவ்வளவு தேவையில்லை என்று தெரியும். மகனுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

---

பழைய_பேப்பர்

சகோதரி, கையேட்டின் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு பேரம் இருக்கிறது, அது தெரிந்தால்தான் 92 என்ற எண் புரியும். அது நடந்த காலத்தில்தான் நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன், தினமும் பேப்பரில் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1997-இல் டோனி பிளேர் 179 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். பரம்பரையாக வந்தவர்கள் மேலவையில் உட்கார்ந்து வாக்களிப்பதை நிறுத்துவோம் என்பது அவருடைய லேபர் கட்சியின் தேர்தல் வாக்குறுதி. அப்போது அந்தச் சபையில் 1,300 பேருக்கு மேல் இருந்தார்கள், அதில் 750 பேருக்கு மேல் பரம்பரைப் பிரபுக்கள். அந்த 750-இல் லேபர் பக்கம் 20 பேர்கூட இல்லை. கன்சர்வேட்டிவ் பக்கம் மட்டும் 300 பேர் அளவில். பெரும்பாலானவர்கள் சாதாரண நாட்களில் வரவே மாட்டார்கள், ஆனால் கட்சி ஆள் அனுப்பினால் தங்கள் எஸ்டேட்டில் இருந்து கிளம்பி வந்து வாக்களித்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம், சட்டப்படி அதில் ஒரு தவறும் கிடையாது. 1988 மே மாதம் தாட்சர் அரசின் தலைவரி விஷயத்தில் அதுதான் நடந்தது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வரியா, வசதியைப் பார்த்து விதிக்க வேண்டாமா என்று ஒரு கன்சர்வேட்டிவ் பிரபுவே, லார்ட் செல்வுட் என்பவர், திருத்தம் கொண்டுவந்தார். 317-க்கு 183 என்று அது தோற்றது. பல வருடம் அந்தப் பக்கமே தலைகாட்டாதவர்கள் அன்றைக்கு வந்திருந்தார்கள். அந்த வரியைக் கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் ஆறவில்லை.

சரி, இவ்வளவு பெரும்பான்மை இருந்தும் பிளேர் ஏன் ஒரேயடியாக எடுக்கவில்லை? மேலவையால் ஒரு மசோதாவை நிரந்தரமாகத் தடுக்க முடியாது, ஆனால் ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப்போட முடியும். அதைவிட, கோபத்தில் அரசின் மற்ற மசோதாக்களையும் ஒவ்வொன்றாக இழுத்தடிக்க முடியும். அரசுக்கு அந்தப் பயம். மேலவையில் கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்தவர் வைகவுண்ட் கிரான்போர்ன், முதலாம் எலிசபெத் காலத்தில் இருந்தே அரசியலில் இருக்கிற செசில் குடும்பத்துக்காரர். அவர் தன் கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்குக்குத் தெரியாமல், சிலரை விட்டுவைத்தால் மசோதாவைத் தடுக்க மாட்டோம் என்று அரசோடு பேசி முடித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் 1998 டிசம்பரில் ஹேக் அவரைப் பதவியில் இருந்து தூக்கினார். ஆள் போனார், பேரம் நின்றது. முன்னாள் சபாநாயகர் லார்ட் வெதரில் பெயரில் அது திருத்தமாக வந்து சட்டத்தில் ஏறியது.

இப்போது எண்ணைப் பாருங்கள். 750-இல் பத்தில் ஒரு பங்கு, 75. இதைக் கட்சிவாரியாகப் பிரித்தார்கள், கன்சர்வேட்டிவ் 42, கட்சி சாராதவர்கள் 28, லிபரல் டெமாக்ரட் 3, லேபர் 2. துணை சபாநாயகர் மாதிரி வேலைகளுக்கு இன்னும் 15 பேர், இவர்களை முழுச் சபையும் தேர்ந்தெடுத்தது. அப்புறம் அரசவைச் சடங்குகளை நடத்துகிற பரம்பரைப் பதவிகள் இரண்டு, ஏர்ல் மார்ஷலாக இருக்கிற நார்ஃபக் கோமகன் ஒருவர், லார்ட் கிரேட் சேம்பர்லின் ஒருவர். மொத்தம் 92.

இதில் முக்கியமான இடம் இதுதான். இந்த 92 பேரும் ஒரு அடகுப் பொருள் மாதிரி. முதல் கட்டத்தில் இவ்வளவு பேரை எடுத்துக்கொள், இரண்டாம் கட்டத்தில் மேலவையை எப்படி அமைப்பது என்று முழுதாக முடிவு செய், அதுவரை இவர்கள் இருப்பார்கள், இவர்கள் இருக்கிற வரைக்கும் உனக்கு உறுத்தும், உறுத்தினால்தான் வேலையை முடிப்பாய் என்பது கிரான்போர்ன் கணக்கு. இது எங்கள் கௌரவத்தைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் என்று அரசுத் தரப்பில் லார்ட் சான்சலர் இர்வின் சபையிலேயே சொன்னார். யாராவது இறந்தால் எண்ணிக்கை குறைந்து தானாகக் கரைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இடைத்தேர்தல் என்ற ஏற்பாடே வந்தது. அதையும் உடனே வைக்கவில்லை, அடுத்த பாராளுமன்றத்தின் முதல் கூட்டத்தொடர் முடிந்த பிறகுதான் ஆரம்பம். அதற்குள் இரண்டாம் கட்டம் வந்துவிடும், இடைத்தேர்தலுக்கு அவசியமே இருக்காது என்று நினைத்தார்கள்.

வரவில்லை. 2003 பிப்ரவரியில் மக்களவையில் வெவ்வேறு திட்டங்களை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், முழுக்க நியமனம், முழுக்கத் தேர்தல், நடுவில் பல விகிதங்கள், எல்லாமே தோற்றன. எண்பது சதவீதம் தேர்தல் என்பது மூன்றே வாக்கில் போனது. 2007-இல் மக்களவை தேர்தலுக்கு ஆதரவாக வாக்களித்தது, மேலவை முழு நியமனம் என்றது. 2012-இல் துணைப் பிரதமர் நிக் கிளெக் கொண்டுவந்த மசோதா இரண்டாம் வாசிப்பில் 462-க்கு 124 என்று ஜெயித்தும்கூட 91 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்ததால் ஆகஸ்டில் கைவிடப்பட்டது. மூன்று முறையும் ஒரே முடிச்சுதான். மேலவையும் தேர்தலில் வந்தால் அதற்கும் மக்கள் ஆதரவு இருக்கிறது என்று பேசும், இன்றைக்குப் போல விட்டுக்கொடுக்காது, அதை மக்களவைக்காரர்கள் விரும்பவில்லை. நியமனமாகவே இருந்தால் ஜனநாயகம் இல்லை என்று வெளியே சொல்ல வெட்கம். இதற்கு நடுவில் தற்காலிகமாக வந்த 92 பேரும் கால் நூற்றாண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்கள் மகனுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள். 2016-இல் லிபரல் டெமாக்ரட் பரம்பரைப் பிரபு ஒருவர் இறந்து இடம் காலியானது. அந்தக் கட்சியின் பரம்பரைப் பிரபுக்கள் மட்டும்தான் வாக்காளர்கள். சபையில் மிச்சம் இருந்தது மூன்று பேர். போட்டியிட்டவர்கள் ஏழு பேர். மூன்று வாக்கும் வைகவுண்ட் தர்சோவுக்கு விழுந்தன. மனிதர் தகுதி இல்லாதவர் என்று சொல்லவே மாட்டேன். 1999-இல் மேலவையில் இருந்து வெளியேற்றப்பட்டு, 2001-இல் ஸ்காட்லாந்தின் வடகோடித் தொகுதியில் நின்று ஜெயித்து 14 வருடம் மக்களவையில் இருந்தவர். 2015-இல் அதே தொகுதி மக்கள் வேண்டாம் என்று தோற்கடித்தார்கள். அடுத்த வருடமே மூன்று பேர் வாக்கில் சட்டமியற்றத் திரும்பி வந்துவிட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட ஓட்டுக்கு அப்புறம் என்ன மதிப்பு இருக்கிறது? இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இந்த இடைத்தேர்தலையாவது நிறுத்துங்கள் என்று லேபரைச் சேர்ந்த லார்ட் குரோகாட் 2016-இல் இருந்து தனிநபர் மசோதா மேல் மசோதாவாகக் கொண்டுவந்தார், திருத்தங்களைக் குவித்து நேரத்தைக் கடத்தியே அதைச் சாகடித்தார்கள். இந்த ஜூலையில்தான் ஒருவழியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் அரசு கொண்டுவந்த மசோதா மிகச் சிறியது, ஐந்தே பிரிவு. நவம்பர் 12 அன்று மக்களவையில் 435-க்கு 73 என்று நிறைவேறி இப்போது மேலவையில் இருக்கிறது.

---

கேட்டுப்பார்க்கிறேன்

ஒரு சின்னச் சந்தேகம். பட்டம் எனக்கு வேண்டாம் என்று மகன் சொன்னால்?

---

பழைய_பேப்பர்

1963 வரைக்கும் சொல்லவே முடியாது. டோனி பென் கதைதான் அது. பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் லேபர் உறுப்பினர். 1960 நவம்பரில் அவருடைய அப்பா வைகவுண்ட் ஸ்டான்ஸ்கேட் இறந்தார். அந்த நிமிடமே பென் பிரபு ஆகிவிட்டார், பிரபு மக்களவையில் இருக்கக் கூடாது, தொகுதி போனது. அவர் சும்மா இருக்கவில்லை. இடைத்தேர்தலில் மறுபடி நின்றார், தொகுதி மக்களும் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். ஆனால் தேர்தல் நீதிமன்றம், நீங்கள் பிரபு, நிற்கவே தகுதி இல்லை என்று சொல்லி இடத்தைத் தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்குக் கொடுத்தது. மூன்று வருடம் போராடித்தான் பட்டத்தைத் துறக்கலாம் என்ற சட்டம் வந்தது, 1963 ஜூலை 31. அன்றைக்கே முதல் ஆளாகத் துறந்தார். அதே சட்டத்தைப் பயன்படுத்தித்தான் சில மாதத்தில் ஹோம் பிரபு பிரதமர் ஆனதும் தன் பட்டத்தைத் துறந்தார். பரம்பரைப் பட்டத்தைத் தங்கள் உரிமையில் வைத்திருந்த பெண்கள் சபையில் உட்கார முடிந்ததும் அந்தச் சட்டத்தால்தான்.

பெண்கள் என்றதும் ஒன்று. பெரும்பாலான பட்டங்கள் மூத்த மகனுக்குத்தான் போகும், மகள் எத்தனை பேர் இருந்தாலும் தாண்டிப் போய்விடும். இந்த ஏற்பாட்டில் இருந்த கடைசிப் பெண்மணி 2020-இல் ஓய்வு பெற்றார். இப்போது இருக்கிற பரம்பரைப் பிரபுக்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

---

மணல்வீடு

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பிறப்பால் வருகிற பதவிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, அது போக வேண்டியதுதான். ஆனால் இவர்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் என்ன மிஞ்சுகிறது என்று யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை.

மேலவையில் இப்போது ஏறக்குறைய 800 பேர். பரம்பரையாட்களைக் கழித்தால், சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் 26 ஆயர்கள், மிச்சம் எல்லோரும் ஆயுட்காலப் பிரபுக்கள். 1958-இல் மேக்மில்லன் கொண்டுவந்த சட்டப்படி நியமிக்கப்படுகிறவர்கள். யார் நியமிக்கிறார்கள்? பெயருக்கு மன்னர், உண்மையில் பிரதமர். எத்தனை பேரைப் போடலாம் என்பதற்கு உச்சவரம்பே கிடையாது. நியமன ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, அது ஆலோசனைதான் சொல்லும். 2020 டிசம்பரில் ஆணையம் பரிந்துரைக்க மறுத்த பீட்டர் கிரடாஸை போரிஸ் ஜான்சன் அதையும் மீறி நியமித்தார், அவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பொருளாளர். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. பரம்பரையாட்கள் நன்றியோடு நிமிர்ந்து பார்க்க வேண்டிய பிரதமர் என்று யாரும் கிடையாது. ஆயுட்காலப் பிரபுக்களில் பலருக்கு இருக்கிறார். அந்த ஒரு வித்தியாசத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் மேலே சொன்ன 2016 இடைத்தேர்தலுக்கு முன் இறந்துபோனவர் யார் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எரிக் லபக், அதாவது லார்ட் ஏவ்பரி. 1976-இல் பாராளுமன்ற மனித உரிமைக் குழுவைத் தொடங்கியவர். எந்த நாட்டில் எந்தச் சிறுபான்மைக்கு அடி விழுந்தாலும் எழுந்து கேள்வி கேட்பார். குடியேற்றச் சட்டங்கள் வந்தால் வரிவரியாகப் படித்துவிட்டுப் பேசுவார். எண்பது வயதுக்கு மேல், உடம்பு முடியாத காலத்திலும் வந்தார். அவர் பரம்பரைப் பிரபுதான்! 1999-இல் அந்த 92 பேர் ஏற்பாடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் 1999-இலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நம்மைப் போல வெளியில் இருந்து வந்தவர்களுக்காகப் பேச அங்கே ஆள் அதிகம் கிடையாது, அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2017-இல் லார்ட் பர்ன்ஸ் குழு நல்ல யோசனை சொன்னது, சபைக்கு 600 என்று வரம்பு, ஒவ்வொருவருக்கும் 15 வருடம்தான். பரம்பரையாட்களை எடுக்கிற அதே மசோதாவில் அதையும் சேர்த்திருக்கலாம். லேபர் தேர்தல் அறிக்கையில் 80 வயதில் ஓய்வு என்றும் இருந்தது. அதுவும் இந்த மசோதாவில் இல்லை.

---

பழைய_பேப்பர்

மணல்வீடு, ஏவ்பரியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் சரி, நான் பெயரைச் சொல்லாமல் விட்டது தப்புத்தான். ஆனால் அவர் கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் இருந்து பாருங்கள். 1962 மார்ச், ஆர்பிங்டன் இடைத்தேர்தல். கன்சர்வேட்டிவ் 15,000 வாக்குக்குக் கொஞ்சம் குறைவாக முன்னிலை வைத்திருந்த தொகுதி. அதில் லிபரல் வேட்பாளராக நின்று ஜெயித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர்தான் இந்த எரிக் லபக். 1970 வரை மக்கள் ஓட்டில் இருந்தார். அடுத்த வருடம் உறவினர் இறந்து பட்டம் வந்தது. தேர்தல் வழியே ஒரு மேலவை இருந்திருந்தால் அந்த மனிதர் அதிலும் நின்று ஜெயித்திருப்பார் என்று நான் நம்புகிறேன். அவருடைய உழைப்பைப் பிறப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

பிரதமரின் கையில் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் மட்டும் உங்களோடு முழுதாக ஒத்துப்போகிறேன். அது என் பயமும்கூட. ஆனால் அதற்காக இவர்களை வைத்திருப்போம் என்பது 1999-இல் செய்த அதே காரியம். உறுத்தினால் வேலை முடியும் என்று வைத்தார்கள். இருபத்தைந்து வருடம் உறுத்தவில்லையே? 1968-இலும் இதே கதை. அன்றைய லேபர் அரசு சீர்திருத்த மசோதா கொண்டுவந்தது. மேலவையையே ஒழிக்க வேண்டும் என்ற மைக்கேல் ஃபுட் இது போதாது என்றார், பழைய ஏற்பாடே இருக்கட்டும் என்ற இனாக் பவல் இது அதிகம் என்றார், எதிரெதிர் முனையில் இருந்த இருவரும் மக்களவையில் மணிக்கணக்கில் பேசிப் பேசியே மசோதாவைக் களைத்துப்போக வைத்தார்கள். 1969 ஏப்ரலில் அரசு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழுசாக வேண்டும் என்று நிற்கிற ஒவ்வொரு தடவையும் இந்த நாட்டில் ஒன்றுமே நடக்காமல் போயிருக்கிறது. அதனால் கையில் கிடைக்கிற ஒன்றை முதலில் முடித்துவிடுவோம் என்கிறேன்.

---

தெல்லிப்பழை

ஓம், இந்த இழையை வாசிக்கேக்க எனக்கு எங்கட ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டுப் போகிறேன்.

சோல்பரி ஆணைக்குழு என்றால் இலங்கை ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். 1944 கடைசியில் வந்து, சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்புக்கு அடித்தளம் போட்டது. சபையில் பாதி இடம் சிறுபான்மையினருக்கு வேணும் என்ற எங்கட சனத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை ஏற்காமல் விட்டதும் அதுதான். அதன் தலைவர் சோல்பரி பிரபு, பிறகு 1949-இல் இருந்து 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்). அவருடைய பட்டம் பரம்பரைப் பட்டம். மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொதம் இலங்கைக்கு வந்தவர், யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமிகளைக் கண்டு அவருக்கே சீடராகிப் போனார். சந்தசுவாமி என்றால் எங்கட பக்கத்துச் சைவ ஆட்களுக்குத் தெரியும். மட்டக்களப்புப் பக்கம் செங்கலடி சிவதொண்டன் நிலையத்தோடு சேர்ந்த பெயர் அது. என்ர பெரியம்மா அவரைப் பற்றி மிகுந்த மரியாதையோடுதான் கதைப்பா.

1971-இல் தகப்பன் காலமாக, இந்தச் சுவாமி இரண்டாவது வைகவுண்ட் சோல்பரி. அந்த நாளில் இருந்து 1999 வரைக்கும் லண்டன் பிரபுக்கள் சபையில் ஒரு ஆசனத்துக்கான உரிமை அவருக்கு இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுத் தியானத்தில் இருக்கிற ஒரு மனிதரை ஒரு நாட்டின் சட்டம் தேடி வந்து, இந்தா உனக்கு வாக்குரிமை, நீ இந்த நாட்டுக்குச் சட்டம் இயற்றுகிற சபையில் ஒருவன் என்று சொல்லுது. அதே நேரம் அந்த நாட்டில் வேலை செய்து வரி கட்டுகிற சனத்துக்கு அந்தச் சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடம் இல்லை. சுவாமியில் எனக்கு எவ்வளவு பக்தி இருந்தாலும், இந்த ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை.

---

சட்டம்_படிக்கிறேன்

இந்த மசோதாவில் இன்னொரு பிரிவு இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பரம்பரைப் பட்டத்துக்கு உரிமை கோரி வழக்கு வந்தால் அதை மேலவையே விசாரிக்கிற அதிகாரமும் இதோடு போகிறது. எங்கள் வகுப்பில் இதற்காக ஓர் இந்திய வழக்கைப் படித்தோம்.

சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, வங்காளத்துக்காரர், 1919-இல் பிரபுக்கள் சபைக்குப் போன முதல் இந்தியர். இந்தியாவுக்கான துணை அமைச்சராக இருந்து 1919 இந்திய அரசுச் சட்டத்தை மேலவையில் நகர்த்தியவர். அவருக்குக் கொடுத்தது பரம்பரைப் பட்டம். 1928-இல் இறந்தார். மகன் அருண் சின்ஹா ஆசனத்தைக் கேட்டபோது, உங்கள் பெற்றோர் திருமணம் செய்தபோது இருந்த இந்துச் சட்டத்தில் ஓர் ஆண் பல பெண்களை மணக்கலாம், அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்த மகனுக்கு ஆங்கிலப் பட்டம் இறங்குமா என்று கேள்வி எழுந்தது. தந்தைக்கு இரண்டாவது மனைவி என்று யாரும் இல்லை. பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர்கள், அங்கே ஒருவருக்கு ஒருவர்தான். இருந்தும் அது தீர 1939 ஆனது. பதினொரு வருடம். பிறப்பை வைத்து உரிமை கொடுக்கிற சபை, பிறப்பைத் தோண்டியும் பார்க்கும். அதைப் படித்தபோது அந்த மகன் சார்பில் எனக்கு அவமானமாக இருந்தது.

உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்பீர்கள், ஆப்பிரிக்காவில் லெசோத்தோ. அங்கே செனட்டின் 33 பேரில் 22 பேர் பரம்பரைத் தலைமை நாட்டாமைகள்.

---

கிராய்டன்_அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன், காலையில் மகனுக்கும் படித்துக் காட்டினேன். மூன்று ஓட்டு கதையைக் கேட்டு அவன் நம்பவே இல்லை, கணினியில் போய்ச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தான்.

மணல்வீடு அண்ணா சொன்னதும் மனதில் நிற்கிறது. ஒருவருக்குப் பிறப்பால் கிடைக்கிறது, இன்னொருவருக்குப் பிரதமருக்கு வேண்டியவராக இருப்பதால் கிடைக்கிறது, இரண்டிலும் என் ஓட்டுக்கு இடம் இல்லை. சரி, ஒன்றை முதலில் எடுக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஆனால் இன்னொரு இருபத்தைந்து வருடம் அடுத்ததைத் தொடமாட்டார்கள் என்ற பயமும் இருக்கிறது. அப்போது இவனுக்கு முப்பத்தேழு வயது ஆகியிருக்கும்.

இரண்டு கேள்வி பாக்கி. வெளியே போகிற பிரபுக்கள் என்ன ஆவார்கள்? இன்னொன்று, சனிக்கிழமை தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் எதைக் குறிப்பது? இடைத்தேர்தலை நிறுத்திவிட்டார்கள் என்கிறீர்கள், கையேட்டில் இப்போதும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுதானே இருக்கிறது?

---

பழைய_பேப்பர்

பட்டம் அவர்களிடமே இருக்கும், ஆசனம்தான் போகும். மேலவையில் சம்பளம் கிடையாது, வருகிற நாளுக்கு 2024 கணக்கில் 361 பவுண்ட் படி, அது நின்றுவிடும். இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். மேலவை உறுப்பினர்களுக்குப் பொதுத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. மசோதா நிறைவேறிவிட்டால் இவர்கள் அடுத்த தேர்தலில் உங்களைப் போலவே வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம், வேண்டுமானால் மக்களவைக்கு நிற்கவும் செய்யலாம். ஏர்ல் மார்ஷலும் கிரேட் சேம்பர்லினும் சடங்குகளைத் தொடர்ந்து நடத்துவார்கள், ஆனால் ஆசனம் அவர்களுக்கும் கிடையாது.

---

கேட்டுப்பார்க்கிறேன்

தேர்வைப் பற்றி நான் சொல்கிறேன் அக்கா, போன மாதம்தான் எழுதி பாஸ் செய்தேன். கேள்விகள் கையேட்டில் இருந்துதான் வரும், விடையும் கையேட்டில் இருக்கிறபடிதான் குறிக்க வேண்டும். செய்தியில் என்ன மாறியிருந்தாலும் அதைக் கலக்காதீர்கள். இந்தப் பகுதியில் 1958, 1999 இரண்டையும் நன்றாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், பதிவு செய்த பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் மேலவை விவாதத்தைப் பொதுமக்கள் மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், காசு கிடையாது. மசோதா இன்னும் பல நாள் அங்கேதான் இருக்கும். தம்பிக்குப் பள்ளி விடுமுறையும் சபை கூடுகிற நாளும் ஒத்துவந்தால் ஒரு நாள் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.